தொலைபேசியில் ரம்பம் கேட்ட ரெய்னோ

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் ரெய்னோ கல்லியோ வீட்டுத் தொலைபேசி அடிக்கும். சர்ச் முடிந்து வந்து, அவன் மனைவி அர்லீன் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றியிருக்கும் நேரம் அது. அவள் எடுத்து வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம் ஒன்று வீறிடும். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கராஜ் பக்கம் திரும்பி, "உனக்குத்தான்" என்பாள். வேறு யாருக்கு இருக்கப்போகிறது?

ரெய்னோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை இடது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். ஆயிரம், இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் எவனோ ஒருவன் ரம்பத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, தொலைபேசியை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பான். ரெய்னோ கேட்டு முடித்து, "பெரிய திருகை அரைக்கால் சுற்று வெளியே திருப்பு" என்பான். மறுபடி ரம்பம் அலறும். "இன்னும் ஒரு மயிரிழை. போதும், நிறுத்து." அவ்வளவுதான் வைத்தியம். அதற்குப் பிறகு மழை, மாடு, முட்டி வலி என்று கால் மணி நேரம் பேச்சு ஓடும். விஸ்கான்சினில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஹார்லன் என்பவன் இப்படியே இருபது வருஷம் கூப்பிட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்தது கிடையாது.

நான் டுவைலா. பெல் க்ரீக் என்ற எங்கள் மரம்வெட்டி ஊரில் இருந்த ரம்பக் கடையில் முப்பத்தொரு வருஷம் உதிரிபாகம் விற்றவள். என் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு, ஆணி பூட்ஸோடு உள்ளே வந்து தரையைக் குத்திக் கிழிக்கிற மரம்வெட்டிகளோடு முப்பத்தொரு வருஷம் மாரடித்துப் பார்த்தால் யாருக்கும் வாய் நீளும். ரெய்னோ பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அதனால் அவனுக்கு எழுபது வயதானபோதும் எனக்கு அவன் 'அவன்'தான்.

அவன் பிழைப்பு ரம்பம் இல்லை. மாவட்டச் சாலைத் துறையில் சாலை நிரவும் கிரேடர் வண்டி ஓட்டினான். வில்லப்பா மலைக்குள் போகிற சரளைச் சாலைகளில் குளிர்காலம் முழுக்க மழை பறித்த பள்ளத்தை நிரவிக்கொண்டே இருக்கவேண்டும். நிரவிய மறுநாள் மரம் ஏற்றிய லாரிகள் வந்து மறுபடி பறித்துவிடும். அந்த வேலையில் எதுவும் முடிந்தது என்று நிற்காது. முடிந்தது என்று கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்றுதான் ரம்ப இன்ஜினில் கை வைத்தேன் என்று ஒருமுறை சொன்னான். அதற்கு மேல் அவனைப் பற்றி அவன் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷக் குளிர்காலத்தில் எங்கள் கடையின் கழிவுப் பெட்டியிலிருந்து எரிந்துபோன ரம்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். பிரித்துப் பார்த்தால் சிலிண்டருக்கு உள்ளே சோம்பேறி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்ததாம். இந்த இன்ஜினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள வாசல்கள் வழியாகத்தான் பெட்ரோலும் காற்றும் வருகின்றன, புகை போகிறது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அந்த வாசல்களைத் தானே திறந்து தானே மூடுகிறது. வாசலைக் கொஞ்சம் அகலமாக்கி, கொஞ்சம் உயர்த்தி, ஓரங்களை வழவழப்பாக்கினால் அதே இன்ஜின் ஒன்றரை மடங்கு வேலை செய்யும். அளவு தப்பினால் பிஸ்டனின் வளையம் வாசலில் மாட்டி உடையும். அவன் முதல் பதினொரு சிலிண்டர்களை அப்படித்தான் நாசமாக்கினான். அந்தப் பதினொன்றையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தான். யாராவது வந்து ஆஹா ஓஹோ என்றால் பேசாமல் அந்த வரிசையைக் கை காட்டுவான்.

ஊர்ப் பல் டாக்டர் ஓய்வு பெற்றபோது அவருடைய பழைய குடைகருவியை வாங்கிக்கொண்டான். சாலைத் துறை ஆளான அவன் காலால் பெடல் மிதித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சிலிண்டருக்குள் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பான். நாற்பது வயதில் அவனுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை நுழைத்து, பிஸ்டன் அதை எவ்வளவு நசுக்குகிறது என்று அளப்பான். சரியில்லை என்றால் மறுபடி பிரிப்பான். ஒரு ரம்பத்தை ஒன்பது முறை பிரித்து மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அர்லீன் கராஜ் வாசலில் நின்று, அந்த சிலிண்டர் மேல் காட்டுகிற அக்கறையில் பாதியை வீட்டுக் கூரை மேல் காட்டியிருந்தால் சமையலறையில் ஒழுகாது என்பாள். அவன் தலையாட்டுவான். கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

காசு வாங்கமாட்டான். வாங்கினால் வேலையாகிவிடும், அப்புறம் பொழுதுபோக்குக்கு நான் எங்கே போவது என்பான். அதனால் அவர்கள் வீட்டில் எப்போதும் புகையிட்ட சால்மன் மீன், காட்டுப் பழ ஜாம், எல்க் மான் தொத்திறைச்சி எல்லாம் நிறைந்து கிடக்கும். ஹார்லன் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பாலாடைக்கட்டி அனுப்புவான். அதன் நாற்றம் தபால்காரர் எங்கள் கடையைத் தாண்டும்போதே எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் மரம்வெட்டிகள் திருவிழா நடக்கும். பதினெட்டு அங்குல மரத்துண்டை யார் வேகமாக மூன்று முறை அறுப்பது என்று போட்டி. வென்ற ரம்பங்களில் பாதி ரெய்னோ கை பட்டவை. ஆனால் அவன் ஒருநாளும் களத்தில் இறங்கி அறுத்ததில்லை. கூட்டத்துக்குப் பின்னால், உருளைக்கிழங்கு சாலட் விற்கிற மேஜைக்குப் பக்கத்தில், கால்சட்டையைத் தாங்கும் சஸ்பெண்டர் வாரில் இரண்டு கட்டைவிரலையும் மாட்டிக்கொண்டு நின்று கேட்பான். எவன் வென்றான் என்று பார்க்கமாட்டான். மற்ற இன்ஜின்காரர்கள் தங்கள் கைவரிசையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சைலன்சர் வாயில் துணியைத் திணித்து வைத்திருப்பார்கள். இவன் மட்டும் கேட்டவனுக்கெல்லாம் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே காட்டுவான். இவ்வளவு தாராளமாகக் காட்டுகிறான் என்றால் ரகசியம் வேறு எங்கோ இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். முட்டாள்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் நினைத்தது சரி.

ரகசியம் அவன் காதில் இருந்தது. கார்புரேட்டரில் ஒரு திருகு உண்டு. அதை வெளியே திருப்பினால் பெட்ரோல் அதிகம் போகும், உள்ளே திருப்பினால் குறையும். இந்த இன்ஜினுக்கு எண்ணெயும் அந்தப் பெட்ரோலில் கலந்துதான் போகிறது. குறைத்துக்கொண்டே போனால் ரம்பம் இன்னும் இன்னும் வேகமாகக் கீச்சிடும், கேட்க ஜோராக இருக்கும், பத்து நிமிஷத்தில் எண்ணெய் பற்றாமல் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். சரியான இடம் எது என்றால், ரம்பம் வெறுமனே ஓடும்போது தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது மாதிரி ஒரு கரகரப்பு இருக்கவேண்டும். மரத்தில் வைத்ததும் அது தெளிய வேண்டும். எடுத்ததும் மறுபடி கொப்பளிக்க வேண்டும். அந்தக் கொப்பளிப்பு இருக்கிறதா, போய்விட்டதா என்பது மயிரிழை விஷயம். எங்களில் பலருக்கு ஓரளவு கேட்கும். ரெய்னோவுக்குத் தொலைபேசியிலேயே கேட்டது.

அதைக் கேட்பதற்குக் காதைத் திறந்து வைக்கவேண்டும். காட்டில் மரம் அறுக்கும்போது காதுக்கவசம் மாட்டிக்கொள்கிறவர்கள்கூட, திருகைத் திருப்பிச் சரியான இடத்தில் வைக்கும்போது அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். கவசத்தோடு திருகு வைக்கிறவனைப் பார்த்துச் சிரிப்போம். ரெய்னோ முப்பது வருஷம், வாரத்துக்கு நாலைந்து ரம்பம், முழு வேகத்தில், ஒரு கை தூரத்தில் வைத்துக் கேட்டான். அதில் என்ன போய்க்கொண்டிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடையில் சுவர் முழுக்கக் காதுக்கவசம் தொங்கவிட்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷ இலையுதிர்காலத்தில் முதல் பிஸ்டன் என் மேஜைக்கு வந்தது. புகைவாசல் பக்கம் பூராவும் பூனை பிறாண்டியது மாதிரி கீறல். சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன்; சைலன்சர் உட்காரும் இடத்தில் ரெய்னோவின் பெயரின் முதலெழுத்துகளும் வருஷமும் ஊசியால் கீறியிருந்தன. அவன் அடையாளம் அதுதான். கொண்டுவந்தவன் என் முகத்தைப் பார்க்காமல், நெடுஞ்சாலை பங்க்கில் பெட்ரோல் சரியில்லை என்றான். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அவனுக்கு ரப்பர் குழாயில் ஓட்டையாம். அடுத்தவன் மனைவி எண்ணெய் கலக்க மறந்துவிட்டாளாம். பாவம், அந்தப் பெண் பிறந்ததிலிருந்து பெட்ரோல் டப்பாவைத் தொட்டிருக்கமாட்டாள்.

வசந்தம் வருவதற்குள் ஏழு ஆயிற்று. ஏழும் ரெய்னோ திருகு வைத்தவை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. புது பிஸ்டனை என்னிடம் வாங்கிப் போய், வீட்டில் தாங்களே மாட்டி, திருகைத் தாங்களே கொஞ்சம் வெளியே திருப்பிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ரெய்னோ விசாரித்தால், அருமையாக ஓடுகிறது என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். ஊரில் மரஆலை மூடியபோது வேலையில்லாமல் நின்றவர்களின் ரம்பத்தையெல்லாம் சும்மா செய்து கொடுத்தவன் அவன். அவனிடம் போய் உன் ரம்பம் எரிந்துபோச்சு என்று யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டுகிற வேலைக்கு ஆள் இல்லை. நீளமான வாய் வைத்திருந்த நான்கூட ஏழு பிஸ்டனை எண்ணி விற்றுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

எட்டாவது ரம்பம் கர்ட்டிஸ் வெசெலியுடையது. கர்ட்டிஸ் பொழுதுபோக்குக்காரன் அல்ல. கூலிக்கு மரம் சாய்க்கிறவன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஓடைக்கரையில் சாய்ந்து நிற்கும் ஆல்டர் மரம் எவ்வளவு பொல்லாதது என்று அவனுக்குத் தெரியும். பின்பக்க வெட்டை மெதுவாகப் போட்டால் மரம் விழுவதற்கு முன்பே நடுவில் நெடுகப் பிளந்து, பாதி மரம் மேலே எழும்பிப் பின்னால் நிற்பவனை உதைக்கும். தப்பிக்க ஒரே வழி வேகம். அதற்காகத்தான் அவனைப் போன்றவர்கள் ரெய்னோவின் ரம்பத்தைக் கேட்டு வாங்கினார்கள். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்படி ஓர் ஆல்டரில் பாதி வெட்டில் இருக்கும்போது அவன் கையில் ரம்பம் செத்தது. மரம் பிளந்தது. அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். தோள்பட்டை எலும்பு மட்டும் முறிந்தது. ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றிருந்தால் தலை.

நாலாம் நாள் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். ரம்பத்தை மேஜையில் வைத்தான். பிஸ்டனைக் கழற்றிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன ஆச்சு என்றேன்.

"பெட்ரோல் சரியில்ல போல."

"என்கிட்டயே பொய் சொல்றியா?"

அவன் சுவரில் தொங்கிய சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். எங்கப்பா செத்த வருஷம் அவர் ரம்பத்தை எனக்காக எடுத்துச் சரிபண்ணிக் குடுத்தவரு ரெய்னோ, அவர்கிட்ட போய் என்னத்தச் சொல்றது என்றான். நீ போய் எதுவும் சொல்லிடாத டுவைலா என்றும் கேட்டுக்கொண்டான். சரி என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்த பொய் அதுதான்.

சிலிண்டர் தப்பித்திருந்தது. புது பிஸ்டன் போட்டு, சனிக்கிழமை மத்தியானம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ரெய்னோ வீட்டுக்குப் போனேன். கடையில் இருந்த வேகமானியையும் பையில் போட்டுக்கொண்டேன். ரம்பத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண் காட்டும் கருவி அது. ரெய்னோவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. காது இல்லாதவனுக்குக் கம்பெனிக்காரன் கொடுத்த பிச்சை என்பான். வழக்கம்போல மழை. கராஜில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்கு சந்தோஷம். கர்ட்டிஸ் எப்படி இருக்கிறான், மரம் உதைத்ததாகக் கேள்விப்பட்டேனே என்றான். இருக்கிறான் என்றேன். திருகு வைத்துக் கொடு என்று ரம்பத்தை நீட்டினேன்.

இழுத்துக் கிளப்பினான். சூடாகும்வரை செல்லமாக வைத்திருந்தான். பிறகு முழு வேகம் கொடுத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, திருகாணியைத் திருப்பினான். அந்தக் கையின் அழகை நான் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். கொப்பளிப்பு இருந்த இடத்தில் நிற்கவேண்டிய கை நிற்காமல் உள்ளே போயிற்று. இன்னும் போயிற்று. ரம்பம் ஊசி மாதிரி கீச்சிட்டது. எனக்குக் காதுக்குள் வலித்தது. அவன் கண்ணைத் திறந்து, திருப்தியாகப் புன்னகைத்து, அணைத்தான்.

"கேட்டியா? தேன்."

"கொப்பளிக்குதா ரெய்னோ?"

"உனக்குக் கேக்கலயா? கடைக்குள்ளயே உக்காந்து உக்காந்து உனக்குக் காது போயிடுச்சு அம்மணி."

அந்த நிமிஷம் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. மேலே இருந்த கீச்சொலி அவனுக்கு எட்டவே இல்லை. அடியில் மிச்சம் இருந்த இரைச்சலைக் கொப்பளிப்பு என்று நினைத்துக்கொண்டு அவன் மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தான். எரிந்துபோன அந்த எட்டு ரம்பத்துக்கும் அப்படித்தான் செய்திருக்கிறான். வேகமானியை எடுத்தேன். மறுபடி கிளப்பச் சொன்னேன். பதின்மூவாயிரத்து ஐந்நூறில் நிற்க வேண்டிய எண் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. அவனுக்குக் காட்டினேன். சிரித்தான். உன் பொம்மை பேட்டரி தீர்ந்துபோச்சு என்றான். நான் வேறொரு பேட்டரி மாட்டிக் காட்டினேன். அதையும் ஏற்கவில்லை. அவன் குரல் லேசாக ஏறியது, என் குரலும்தான்.

அப்போதுதான் அர்லீன் வாசலில் நிற்பதைக் கவனித்தேன். கையில் பாத்திரம் துடைக்கிற துணி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அவ சரியாத்தான் சொல்றா ரெய்னோ. ஃபோன் அடிச்சு உனக்குக் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"நீதான எப்பவும் வந்து கூப்பிடுவ?"

"முன்னாடி அங்கருந்தே கூப்பிட்டேன். இப்ப கிட்ட வந்து தோளைத் தொடறேன்."

ரெய்னோ அவளைப் பார்த்தான். பிறகு தன் தோளை ஒருமுறை பார்த்துக்கொண்டான், அவள் கை இன்னும் அங்கே இருப்பது மாதிரி. விறகு வெடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்டிருக்குமா என்று நினைத்தேன். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

"எத்தனை ரம்பம் எரிஞ்சுது?" என்றான்.

"ஏழு. கர்ட்டிஸோடது எட்டு."

"கர்ட்டிஸ் கையில நின்னது நான் வெச்ச திருகுலயா?"

ஆமாம் என்றேன். அவன் முகம் சுவர் இடிந்து விழுந்த மாதிரி ஆயிற்று. பிறகு கோபம் வந்தது. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மனசு நோகுமேன்னு சும்மா இருந்தீங்க, இல்ல? அந்தப் பய செத்திருந்தா? பொட்டியில வெச்சு இறக்கும்போதும் பெட்ரோல் சரியில்லன்னே சொல்லியிருப்பீங்களா?"

உண்மையில் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்றுதான் தோன்றியது. அர்லீன் உள்ளே போய்விட்டாள். நானும் ரம்பத்தை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்து வண்டிக்கு வந்தேன். நல்லது செய்தேன் என்ற நினைப்பு கொஞ்சமும் வரவில்லை. ஒரு மனிதனிடமிருந்து அவனுக்கு மிகவும் பிடித்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு ஹார்லன் கூப்பிட்டிருக்கிறான். இதைப் பின்னால் அர்லீன் சொன்னாள். ரெய்னோ ரிசீவரை வாங்கி, ரம்பத்தை நிறுத்தச் சொல்லி, என் காது போய்விட்டது ஹார்லன், இனி நான் சொல்வதை நம்பாதே, உள்ளூரில் நல்ல காது உள்ளவனாகப் பார்த்துக்கொள் என்றானாம். பிறகு ஹார்லன், அது சரி, ஆனால் என் சிவப்புப் பசு நேற்று இரட்டைக் கன்று போட்டதை நான் யாரிடம் சொல்வது என்று கேட்டானாம். அவன் அடுத்த ஞாயிறும் கூப்பிட்டான். அதற்கடுத்த ஞாயிறும். ரம்பம் மட்டும் இல்லை. ஹார்லன் எதைச் சொன்னாலும் விசாரித்தாலும் கத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விஸ்கான்சினில் அந்தப் பண்ணையைச் சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் ரெய்னோவின் முட்டி வலி தெரிந்திருக்கும்.

அந்த வாரம் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, எட்டு வீட்டுக்கும் ரெய்னோ தானே போனான். ஒவ்வொருவனும் வாசலில் நின்று மறுபடி பெட்ரோல், குழாய், மனைவி என்று ஆரம்பித்தானாம். இவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ரம்பத்தை எடுத்து வா என்றிருக்கிறான். திருகைத் தானே தொடவில்லை. "நீ திருப்பு, நீ கேளு, என்ன கேக்குதுன்னு எனக்குச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பிடியில் விரலை வைத்துக்கொண்டு, அவர்கள் வாயால் சொல்லச் சொல்லக் கேட்டான். மரம்வெட்டிகளுக்கு ஒரு சத்தத்தை வார்த்தையில் சொல்லி வருமா? ஒருவன் கழுதை இருமுகிற மாதிரி என்றான், இன்னொருவன் மாமனார் குறட்டை மாதிரி என்றான். அந்த மூன்று நாளில் ஊர் அவ்வளவு சிரித்தது, பிறகு சொல்லிச் சொல்லி நாங்கள் வருஷக்கணக்கில் சிரித்தோம்.

கர்ட்டிஸ் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ரெய்னோ அவன் கட்டுப்போட்ட தோளைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே வெகுநேரம் நின்றானாம். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வாயில் வராது. நீ எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கணும்டா என்று மட்டும் சொன்னான். கர்ட்டிஸ் நாற்பது வயது ஆள். குழந்தை மாதிரி அழுதுவிட்டான் என்று அவன் மனைவியே என்னிடம் சொன்னாள்.

அதன் பிறகும் பதினான்கு வருஷம் ரெய்னோ சிலிண்டர் குடைந்தான். கைக்கும் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசித் திருகை மட்டும் ரம்பத்துக்குச் சொந்தக்காரன் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் அதே இடத்தில், அதே சாலட் மேஜைக்குப் பக்கத்தில் நின்றான். இப்போது யார் வென்றார்கள் என்று பார்க்க ஆரம்பித்திருந்தான்.

ஆனால் நான் அவனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான். எட்டு வீடும் முடித்துவிட்டுக் கடைக்கு வந்தான். நான் பேசத் தயங்கினேன். அன்றைக்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் நேரே சுவருக்குப் போய், இருப்பதிலேயே கனமான காதுக்கவசத்தை எடுத்து மாட்டிப் பார்த்தான். கழற்றி மேஜையில் வைத்தான். முப்பது வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவன் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தான்.

என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. குனிந்து, ரகசியம் சொல்வது மாதிரி, ஆனால் காது மந்தமானவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் சொன்னான்.

"கீச்சுக் கீச்சுன்னு இருக்கறதெல்லாம் போயிடுச்சு டுவைலா. அர்லீனுக்குத் தடிச்ச குரல். அது இன்னும் கேக்குது. அது போறதுக்குள்ள கொஞ்சம் காப்பாத்திக்கறேன்."

நான் அதைப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவன் பையைப் பிரித்து, கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மழையில் தன் வண்டிக்குப் போனான். அவன் வண்டி போகும்வரை பொறுத்திருந்து, கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.